ஆங்கில இலக்கணம்: யார் இட்ட சட்டம்?

ஆங்கிலத்தில் காலங்கள் எத்தனை? பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள். பன்னிரண்டு என்று பதில் வரும். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை. ஆகமொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். கட்டங்களை நிரப்பிக் களைத்ததும் அடுத்த சோதனை வந்து நிற்கும். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக! எழுவாயைத் தூக்கிப் பின்னே போடு. செயப்படுபொருளை முன்னே கொண்டுவா. நடுவே 'பை' என்ற சொல்லைச் செருகு. மாற்றத் தெரிந்தால் மதிப்பெண். தெரியாவிட்டால் மண்டையிலே களிமண் என்ற பட்டம்!

உழவன் வீட்டுப் பிள்ளை, நெசவாளி வீட்டுப் பிள்ளை, ஆங்கில ஒலியை வீட்டிலே ஒருநாளும் கேட்டறியாத பிள்ளை, இந்தக் கட்டங்களைக் கண்டு கலங்குகிறது. "இது நமக்கு எட்டாது, பரம்பரையாகப் படித்தவர்களுக்கே உரியது" என்று எண்ணி ஒதுங்குகிறது. ஒரு பாடத்திலே ஒதுங்கிய பிள்ளை, பிறகு பள்ளியை விட்டே ஒதுங்குவதும் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி இது.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்தக் கட்டங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதர் வரைந்தவை. வரைந்தவர் யார், எந்த அளவுகோலை வைத்து வரைந்தார், எதிர்த்தவர் யார், கடைசியில் வென்றவர் யார் என்பதற்கெல்லாம் வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் அச்சம் அகலும். அச்சம் அகன்றால் பாடம் தானே வரும்.

இலத்தீன் நுகம்

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலக்கணப் பள்ளிகள் இருந்தன. ஆனால் அங்கே கற்பித்த இலக்கணம் ஆங்கில இலக்கணம் அன்று, இலத்தீன் இலக்கணம்! கோயிலின் மொழி இலத்தீன். புலமையின் மொழி இலத்தீன். உழுபவனும் நெய்பவனும் பேசிய ஆங்கிலத்துக்கு இலக்கணம் என்று ஒன்று உண்டா என்றே அறிஞர்கள் ஐயுற்றனர். மக்கள் பேசும் மொழி தாழ்ந்தது, மக்களுக்குப் புரியாத மொழியே உயர்ந்தது என்ற பேச்சு நம் செவிக்குப் புதியதா என்ன!

1540களில் எட்டாம் ஹென்றி மன்னன், வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கண நூலையே பள்ளிகள் எல்லாம் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். 1586இல் வில்லியம் புல்லோகர் என்பவர் ஆங்கிலத்துக்கு ஒரு சிறு இலக்கணம் அச்சிட்டார். அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணம் அதுவே. எம் மொழிக்கும் ஒழுங்கு உண்டு என்று காட்ட அவர் எண்ணியது பாராட்டுக்குரியது. ஆனால் அளப்பதற்கு அவர் எடுத்த கோல் எது? லில்லியின் இலத்தீன் கோல்!

இலத்தீன் வினை, காலத்துக்குக் காலம் தன் உருவையே மாற்றிக்கொள்ளும். 'அமோ' என்றால் நான் அன்பு செய்கிறேன். 'அமோர்' என்றால் நான் அன்பு செய்யப்படுகிறேன். ஓர் ஒலியைச் சேர்த்தால் செய்வினை செயப்பாட்டு வினையாகி விடுகிறது. ஆங்கிலத்தில் அப்படியோர் உருவம் இல்லை. 'ஐ ஆம் லவ்ட்' என்று மூன்று சொற்களைக் கோத்துத்தான் சொல்ல முடியும். ஆனாலும் இலத்தீனில் எத்தனை கட்டங்கள் உண்டோ அத்தனையையும் ஆங்கிலத்தில் நிரப்பியாக வேண்டும் என்று இலக்கண ஆசிரியர்கள் முனைந்தனர். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, தம்பியின் உடம்பு சரியில்லை என்று குறைகூறிய கதை இது.

குறைகூறாதவர்களும் இருந்தனர். 1653இல் ஜான் வாலிஸ் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். முடிவிலியைக் குறிக்க இன்றும் வழங்கும் கணிதக் குறியைத் தந்தவர் இவரே. இலத்தீன் அச்சிலே ஆங்கிலத்தை வார்ப்பது தவறு என்றார். ஆங்கில வினைக்கு நிகழ்வு, இறப்பு என்ற இரண்டே காலங்கள்தாம் உண்டு என்றார். அதைச் சொன்ன நூலையும் இலத்தீனிலேயே எழுதினார் என்பது அந்நாளின் நிலைமை!

1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி வந்தார். 1774இல் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டிய அதே பிரீஸ்ட்லிதான். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார், அரசுச் சமயத்துக்கு உடன்படவில்லை என்பதற்காக 1791இல் பர்மிங்காமில் வெறியர் கூட்டம் அவர் வீட்டையும் ஆய்வுக் கூடத்தையும் கொளுத்தியது. 1794இல் அவர் அமெரிக்கா சென்று குடியேறினார். ஆய்வுக் கூடத்திலே பொருள்களை எப்படிச் சோதித்தாரோ அப்படியே மொழியையும் சோதித்தவர் அவர். மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதுவே அளவுகோல் என்றார். இலத்தீனின் எதிர்காலக் கட்டத்தை ஆங்கிலத்தில் வரைய வேண்டிய தேவையே இல்லை என்றும் சொன்னார்.

அறிவியலாளர் சொன்னது எடுபடவில்லை. மறு ஆண்டே, 1762இல், ராபர்ட் லௌத் என்ற சமயக் குருவின் இலக்கணம் வெளிவந்தது. இவர் பின்னாளில் லண்டன் ஆயர் ஆனவர். ஷேக்ஸ்பியரும் மில்டனும் பைபிளை மொழிபெயர்த்தோரும்கூடப் பிழை செய்தனர் என்று எடுத்துக்காட்டுக்களை அடுக்கியது அந்நூல். 1795இல் லிண்ட்லி மர்ரியின் இலக்கணம் வந்தது. யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்காக எழுதியது, அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் பள்ளிதோறும் பரவியது. அதிலே காலங்கள் ஆறு. அந்த வழியிலே வந்து பெருகியதுதான் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பன்னிரண்டு.

இன்றைய மொழியியலார் என்ன சொல்கிறார்கள்? 1985இல் ராண்டால்ஃப் குவெர்க்கும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட பேரிலக்கணம், வினையின் உருவை வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்துக்குக் காலங்கள் இரண்டே என்கிறது. வாலிஸ் சொன்னதும் பிரீஸ்ட்லி சொன்னதும் அதுவே!

உடைமையும் விருப்பமும் கடனும்

காலங்கள் இரண்டே என்றால் நாளை நடப்பதை ஆங்கிலேயர் எப்படிச் சொல்கிறார்கள்? அன்றாட வாழ்வின் சொற்களை எடுத்துத்தான்.

'வில்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'விரும்பு' என்று பொருள். 'ஷல்' என்ற சொல்லுக்குக் 'கடன்பட்டிரு' என்று பொருள். விரும்பியதைச் செய்யப் போகிறோம். கடன்பட்டதைச் செய்தாக வேண்டும். இப்படி விருப்பமும் கடனும் தேய்ந்து எதிர்காலத்தின் அடையாளங்களாயின.

'ஹேவ்' என்பது உடைமையைக் குறிக்கும் சொல். பிடிபட்ட மீன் என்னிடம் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிய மக்கள், மீனைப் பிடித்து முடித்திருக்கிறேன் என்ற பொருளுக்கு அதே சொல்லைக் கொண்டு சென்றார்கள். 'பிரசென்ட் பர்ஃபெக்ட்' என்று பள்ளியிலே பயமுறுத்தும் உருவத்தின் பிறப்பு இதுதான். முடிந்த செயலின் பயன் இன்று என் கையில் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

இதை அறிந்தால் ஒரு சிக்கல் அவிழும். "இரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்" என்கிறோம் தமிழில், நிகழ்காலமே போதும். அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதும் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கிறது. அது முட்டாள்தனம் அன்று. தமிழின் நியாயம் அது. ஆங்கிலத்தின் நியாயம் வேறு. கடந்துபோன இரண்டு ஆண்டுகளும் இன்று என் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே உடைமைச் சொல்லைப் போட்டு 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்கிறது. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் அறிவு பிடித்துக்கொள்ளும். கட்டத்தை மட்டும் காட்டினால் மனப்பாடந்தான் மிஞ்சும்.

செயப்பாட்டு வினையும் இப்படிப் பிறந்ததே. பழைய ஆங்கிலத்தில் 'இரு' என்ற பொருளுடைய சொல்லும், 'ஆகு' என்ற பொருளுடைய சொல்லும் இதற்குப் பயன்பட்டன. ஆகு என்ற சொல் ஆங்கிலத்தில் மறைந்தது. அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நம் தமிழில் அந்த வேலை 'படு' என்ற சொல்லுக்கு. அடிபடு, துன்பப்படு என்று மக்கள் வாயில் வழங்கும் அதே 'படு' என்பதுதான் 'எழுதப்பட்டது' என்பதிலும் இருக்கிறது. எம்மொழியாயினும் இலக்கணத்தின் ஊற்று மக்கள் வாழ்வே!

இலக்கணம் வாயிற்காவலன் ஆயிற்று

மக்களிடமிருந்து எழுந்த மொழிக்கு மேலோர் வேலி கட்டினர். அந்த வேலி பள்ளியோடு நிற்கவில்லை. பாராளுமன்றத்தின் வாயில்வரை சென்றது. 1793இல் ஷெஃபீல்டு நகரத்தினர் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு விண்ணப்பம் அனுப்பினர். மக்கள் அவை அதை ஏற்க மறுத்தது. காரணம்? விண்ணப்பத்தின் மொழியில் மரியாதை போதவில்லையாம்! கேட்பது நியாயமா என்று பார்க்கவில்லை. கேட்கும் விதம் எமக்கு ஏற்றதா என்று பார்த்தார்கள்.

இந்த வேலியைத் தாண்டியவர் வில்லியம் காபெட். 1763இல் சரே மாவட்டத்தில் ஃபார்ன்ஹாம் என்ற ஊரிலே ஓர் எளிய உழவருக்குப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வயலிலே பறவை விரட்டினார். வளர்ந்ததும் ஏர் பிடித்தார். 1784இல் படையில் சேர்ந்தார். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் கூலி. படுக்கையின் விளிம்பே நாற்காலி. முதுகுப் பையே புத்தக அலமாரி. மடிமீது வைத்த பலகையே மேசை. லௌத்தின் இலக்கணத்தைக் கையாலேயே படியெடுத்து, காவல் நிற்கும் வேளையிலெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லி உருப்போட்டார். பேனாவோ தாளோ வாங்க வேண்டுமென்றால் உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் மறுநாளைய மீனுக்கென்று வைத்திருந்த அரைப் பென்னி காணாமற்போக, போர்வைக்குள் தலையை மறைத்துக் குழந்தைபோல் அழுததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்படிக் கற்ற கல்வியை அவர் என்ன செய்தார்? 1802இல் கிழமை இதழ் தொடங்கினார். 1809இல் எலி என்ற ஊரிலே குடிப்படை வீரர்களுக்குக் கசையடி கொடுத்ததைக் கண்டித்து எழுதினார். 1810இல் இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. 1817இல் விசாரணையின்றிச் சிறையிலிட அரசு வழிசெய்துகொண்டபோது, கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அங்கே 1818இல், தம் பதினான்கு வயது மகனுக்கு எழுதிய கடிதங்களாக ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார்.

யாருக்காக அந்த இலக்கணம்? போர்வீரர், மாலுமிகள், தொழில் பழகும் சிறுவர், ஏரோட்டும் பிள்ளைகள் ஆகியோருக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டார். பிழைக்கு எடுத்துக்காட்டு எங்கிருந்து எடுத்தார்? அரசின் பெயரால் பாராளுமன்றத்தில் படித்த உரையிலிருந்து! பிற்பதிப்பில் அமைச்சர் காசில்ரீயும் தளபதி வெலிங்டனும் ஓர் ஆயரும் எழுதியவற்றைக் கிழித்துக் காட்டினார். இலக்கணம் தெரியாதவர் என்று ஏழைகளை எள்ளியவர்களின் இலக்கணமே நாறியது!

காபெட்டின் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. கறுப்பின மக்களைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் அவர் எழுதியவை வெறுக்கத்தக்கவை. அவற்றை மறைத்துவிட்டு அவருக்கு மாலையிடுவது பகுத்தறிவாகாது. ஆனால் ஏர் பிடித்த கை இலக்கணம் எழுதும் என்று மெய்ப்பித்தார்; அந்த மெய்ப்பு நமக்கு வேண்டும். 1832இல் தேர்தல் சீர்திருத்தம் வந்தது. அவ்வாண்டு ஓல்டம் தொகுதியிலிருந்து அவரே மக்கள் அவைக்குள் நுழைந்தார்.

வீடு கட்டுகிறதா, கட்டப்படுகிறதா?

இனிச் செயப்பாட்டு வினையிலே நிகழ்ந்த ஒரு போரைக் காண்போம். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இன்று ஆங்கிலத்தில் 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்கிறோம். பள்ளியிலே இதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தக் கட்டம் இல்லை. 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே சொன்னார்கள். நேர்ப்பொருள் பார்த்தால் வீடே எதையோ கட்டிக்கொண்டிருக்கிறது என்றாகும்!

வீடு எதையும் கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே குழப்பம் இல்லை. எழுவாய் மனிதனாக இருந்தால்? 'தி மேன் இஸ் பீட்டிங்' என்றால் அவன் அடிக்கிறானா, அடிபடுகிறானா? அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்று தெரியாத இலக்கணம் எதற்கு உதவும்? இந்தத் தேவையிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய உருவம் முளைத்தது. கடிதங்களிலும் பேச்சிலும் முதலில் தலைகாட்டியது. 1795இல் இளைஞராக இருந்த கவிஞர் சதே, முடிதிருத்துபவரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்துத் தவிக்கும் ஒருவனைப் பற்றிக் கடிதம் எழுதும்போது இந்த உருவத்தையே கையாண்டார்.

சனாதனிகள் சும்மா இருப்பார்களா? மொழி கெட்டது என்று கூக்குரலிட்டார்கள். அமெரிக்கத் திறனாய்வாளர் ரிச்சர்டு கிரான்ட் வைட், 1870இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சாட ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். 'இஸ்' என்றாலும் இருத்தல், 'பீயிங்' என்றாலும் இருத்தல். இருத்தலை இருமுறை சொல்வது அறிவீனம் என்பது அவர் வாதம்.

அவருக்கு விடை கொடுத்தவர் ஃபிட்ஸ்எட்வர்டு ஹால், இன்னோர் அமெரிக்கர். 1846இல் கங்கையின் முகத்துவாரத்திலே கப்பல் உடைந்து, அதனால் இந்தியாவில் தங்கியவர். சமஸ்கிருதம் கற்று, காசியிலிருந்த அரசுக் கல்லூரியில் பேராசிரியரானவர். பின்னர் லண்டன் சென்றவர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 1901இல் இறக்கும்வரை ஊதியமின்றி உழைத்தவர். ஹால் வாதாடவில்லை, சான்றுகளைக் கொட்டினார். 1873இல் வந்த நூலில், நல்லறிஞர் பலர் இந்த உருவத்தை எழுதியிருக்கும் இடங்களை வரிசையாக எடுத்து வைத்தார். வழக்கு அங்கேயே முடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய உருவமே தூயது என்று பழமைவாதிகள் கட்டிக் காத்தார்களே, அந்தப் பழைய உருவத்தையே சிதைந்த வழக்கு என்று 1755இல் தம் பேரகராதியின் இலக்கணப் பகுதியில் கண்டித்தவர் டாக்டர் ஜான்சன்! நேற்றைய தீட்டு இன்றைய புனிதம். இன்றைய தீட்டு நாளைய பாடப்புத்தகம். தூய்மை பேசுவோரின் வரலாறு மொழியிலும் இப்படித்தான்.

செய்தவன் யார்?

செயப்பாட்டு வினையைக் கற்பிக்கும்போது நாம் மறவாமல் சொல்ல வேண்டியது மற்றொன்று. அது பயனுள்ள கருவி. செய்தவன் தெரியாதபோதும், செய்தவனைவிடச் செயல் முதன்மையானபோதும் அதுவே பொருந்தும். ஆனால் செய்தவனை ஒளித்து வைக்கவும் அதுவே உதவும்.

காபெட்டின் இலக்கணம் வந்த மறு ஆண்டு, 1819 ஆகஸ்டு 16ஆம் நாள், மான்செஸ்டர் நகரத்தின் புனித பீட்டர் திடலிலே ஏறத்தாழ 60,000 பேர் கூடினர். அத்தனை பெரிய நகருக்குப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத காலம். வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடியவர்கள்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. சிறு குழந்தை ஒன்று உட்படச் சுமார் 18 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

இதை இருவிதமாக எழுதலாம். "மான்செஸ்டரில் மக்கள் கொல்லப்பட்டனர்" என்று ஒரு வாக்கியம். "நீதிபதிகள் ஆணையிட்டனர், குதிரைப்படை மக்களைக் கொன்றது" என்று ஒரு வாக்கியம். இரண்டிலும் பிழையில்லை. முதல் வாக்கியத்தில் பிணம் இருக்கிறது, கொலையாளி இல்லை. இரண்டாவதில் இருவரும் இருக்கிறார்கள். 'பை' என்ற சிறு சொல்லுக்குப் பின்னே வரவேண்டியவனை விட்டுவிட இலக்கணம் இடங்கொடுக்கிறது. அந்த இடத்திலேதான் அதிகாரம் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே நம் வகுப்பிலே, "செயப்பாட்டு வினையாக மாற்றுக" என்று ஒரு வினா கேட்டால், "செய்தவன் யாரென்று கண்டுபிடித்துச் செய்வினையாக மாற்றுக" என்று இரண்டு வினா கேட்போம். "நிலம் எடுக்கப்பட்டது" என்று வந்தால், எடுத்தது யார் என்று கேட்கட்டும் பிள்ளை. "தடியடி நடத்தப்பட்டது" என்று வந்தால், நடத்தியது யார் என்று கேட்கட்டும். ஆங்கிலச் செய்தியாயினும் தமிழ்ச் செய்தியாயினும் இந்தக் கேள்வி ஒன்றே.

தோழர்களே! ஆங்கிலக் கட்டங்களைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் உங்கள் தெருவிலே இருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். மன்றங்களிலே, படிப்பகங்களிலே ஒரு கரும்பலகை மாட்டுங்கள். 'ஹேவ்' ஏன் வந்தது, 'வில்' எங்கிருந்து வந்தது என்று காரணத்தோடு கற்றுக்கொடுங்கள். இந்தச் சட்டங்களை இட்டவரும் மனிதர், மாற்றியவரும் மனிதர் என்று எடுத்துச் சொல்லுங்கள். மனிதர் இட்ட சட்டத்தை மனிதப் பிள்ளை கற்க முடியும். கற்றபின் அதைக் கொண்டே கேள்வி கேட்கவும் முடியும்.